கல்லில் பேர் வாங்கின நாய்

2006. ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் நவ்சாத் என்ற ஊர். பிரிட்டிஷ் ராயல் மரீன் பென் ஃபார்திங், முகாமுக்கு வெளியே நடந்த நாய்ச்சண்டையை நிறுத்தினார். அதுல சண்டை போட்ட, காது அறுத்த ஒரு நாய் அவரோட ஒட்டிக்கிச்சு. ஊர் பேரையே வச்சார்: நவ்சாத். ட்யூட்டி முடிஞ்சதும் விட்டுட்டுப் போக மனசு வரல. பிரிட்டனுக்கே கொண்டு போயிட்டார். அப்புறம் அதே பேர்ல ஒரு அறக்கட்டளை. மத்த சிப்பாய்களும் போர்முனையில பழகின தெருநாய்களைக் கூட்டிட்டுப் போக அது உதவுச்சு.

இதுவரைக்கும் எல்லாருக்கும் பிடிச்ச கதை. 2021 ஆகஸ்ட்ல காபூல் தாலிபான் கைக்குப் போனப்போ, ஃபார்திங் நாய், பூனைகளோட விமானம் ஏறினார். அவர்கிட்ட வேலை பார்த்த ஆப்கானியர்கள் அந்த விமானத்துல இல்ல. விமான நிலையத்துக்குள்ள தாலிபான் அவங்களை விடல. அப்புறம்தான் பாகிஸ்தான் போய்ச் சேர்ந்தாங்க. "மனுஷங்க நிக்கும்போது நாயா?"ன்னு பிரிட்டன்ல பெரிய சண்டை.

நம்ம பக்கம் இதுக்கு ஒரு பழைய சாட்சி இருக்கு. மாமல்லபுரத்துக்கு எப்பவும் ஈசிஆர்லயே போறவங்க, ஒரு தடவை செங்கல்பட்டு வழியா போய் வல்லம் குடைவரையைப் பாருங்க. மகேந்திரவர்மனுக்கு அடங்கின சிற்றரசர் மகன் கந்தசேனன் செய்வித்ததுன்னு கல்வெட்டே சொல்லுது. உளி பிடிச்சவங்க பேர் இல்ல. வழக்கம்போல!

அதே மகேந்திரவர்மனோட 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏறக்குறைய 624. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம், எடுத்தனூர்ல ஒரு நடுகல் நட்டாங்க. பொற்றொக்கையார்ங்கிற தலைவரோட சேவகன் கருந்தேவக்கத்தி, எருமைகளைக் காக்கப்போய் செத்திருக்கான். அந்தக் காலத்துல மாடுதான் சொத்து. ஆநிரை கவர்றதுதான் பல சண்டைக்கு ஆரம்பம்.

கல்வெட்டு அவனோட முடியல. கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடிச்சு 'காத்திருந்தது'ன்னு தனியா பொறிச்சிருக்காங்க. இந்தச் சொல்லுலதான் நான் நின்னுட்டேன். காவல் இருந்ததுன்னுதான் அர்த்தம். ஆனா இன்னைக்கு நம்ம காதுல, செத்துப்போன ஆளுக்காகக் காத்துக்கிட்டு இருந்ததுன்னும் கேக்குது.

யாரும் கோவிவனைக் காப்பாத்தல. அது இவங்க மந்தையைக் காப்பாத்துச்சு. அதுக்குப் பதிலா ஊர்க்காரங்க செய்ய முடிஞ்சது, ஒரு பேரை வெட்டறதுதான். கல்வெட்டறவருக்கு அது கூடுதல் வேலை. வெட்டினாங்க. அதுக்காக மனுஷனைத் தள்ளி வைக்கல, தனிக்கல்லும் நடல. கருந்தேவக்கத்தியும் கோவிவனும் அங்க ஒரே கல்லுல நிக்கிறாங்க.