ராச்செஸ்டர்க் கோட்டையின் நான்காவது மூலை

இங்கிலாந்தின் தென்கிழக்கே, கெண்ட் மாவட்டத்தில், மெட்வே ஆற்றங்கரையில் ராச்செஸ்டர் என்னும் பழம்பதி உள்ளது. இலண்டனிலிருந்து டோவர் துறைமுகத்திற்குச் செல்லும் உரோமானியர் காலத்துப் பெருவழி ஆற்றைக் கடக்கும் இடம் அது. 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர் அவ்விடத்தின் அருமையை உணர்ந்து அங்கே அரண் அமைத்தனர். 1127-இல் முதலாம் ஹென்றி மன்னன் அதன் காவலைக் காண்டர்பரிப் பேராயருக்கு அளித்தான். 113 அடி உயரமுள்ள பெருங்கோபுரம் அதன்பின் எழுந்தது.

அக்கோட்டையைக் காணச் சென்ற நான், முற்றத்தில் நின்று அண்ணாந்து நோக்கினேன். கோபுரத்தின் மூன்று மூலைகள் சதுரமாக இருக்க, தென்கிழக்கு மூலை மட்டும் வட்டமாக இருந்தது. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது?

1215 ஜூன் திங்களில், ஜான் மன்னன் மாக்ன கார்ட்டா என்னும் மகாசாசனத்திற்குத் தன் முத்திரையை இட்டான். மன்னனும் சட்டத்திற்கு உட்பட்டவனே என்பது அதன் உயிர்நாடி. ஆனால் இரண்டே திங்களில், போப்பாண்டவரின் ஆணையால் அது செல்லாதென அறிவிக்கப்பட்டது. வெகுண்டெழுந்த பிரபுக்களின் படையினர் அக்டோபரில் இக்கோட்டையைக் கைப்பற்றினர். ஜான் விரைந்து வந்து முற்றுகையிட்டான்.

கல்லெறி பொறிகளுக்கு அச்சுவர்கள் அசையவில்லை. எனவே தென்கிழக்கு மூலையின் அடியில் சுரங்கம் தோண்டி, மரத்தூண்களால் தாங்கச் செய்தனர். கொழுத்த பன்றிகள் நாற்பதை உடனே அனுப்புமாறு நவம்பர் 25-ஆம் நாள் மன்னன் ஓலை விடுத்தான். அவை விருந்துக்கு அல்ல. அவற்றின் கொழுப்பைக் கொண்டு தூண்களை எரிப்பதற்கே! தூண்கள் கருகின, மூலை சரிந்தது.

உள்ளே சென்று பார்த்தேன். கூரையும் தளங்களும் மறைந்து, வானமே விதானமாக உள்ளது. நடுவே கோபுரத்தை இரண்டாகப் பிரிக்கும் சுவர் மட்டும் இன்றும் ஓங்கி நிற்கிறது. மூலை வீழ்ந்த பின்னரும் வீரர்கள் இச்சுவரின் மறுபுறம் ஒதுங்கிப் போராடினர். இதனுள்ளேயே கிணறு அமைந்திருந்ததால் நீருக்குக் குறைவில்லை, உணவுதான் இல்லை. குதிரை இறைச்சியும் தீர்ந்தபின், நவம்பர் 30-இல் சரணடைந்தனர்.

வென்ற மன்னன் மறு ஆண்டே, 1216 அக்டோபரில் மாண்டான். அவன் மைந்தன் மூன்றாம் ஹென்றிக்கு அப்போது வயது ஒன்பது. சிறுவனின் பெயரால் ஆண்டவர்கள், நவம்பரிலேயே சாசனத்தைத் திருத்தி மீண்டும் வெளியிட்டனர். அதன் சில விதிகள் இன்றும் ஆங்கிலச் சட்டத்தில் நிலைபெற்றுள்ளன. இடிந்த மூலையும் ஹென்றியின் ஆட்சியில் புதுப்பிக்கப்பட்டது. தகர்ப்பதற்கு எளிதான முனை இல்லாதவாறு வட்டமாக அமைத்தனர்.

மாணவ அன்பர்களே, பழைய கட்டடங்களைக் காணச் செல்லும்போது, பிறவற்றோடு பொருந்தாது நிற்கும் பகுதியை முதலில் நோக்குங்கள். ராச்செஸ்டரின் வட்ட மூலை, வாக்குத் தவறிய ஒரு வேந்தனின் வரலாற்றை எண்ணூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.