ஏன் ஓடுகிறாள் என்ற வினாவுக்கு முன்

பொழுதுபோக்காக நெடுந்தொலைவு ஓடுவோரின் உந்துதல்களை அளக்க, மாஸ்டர்ஸ், ஓகிள்ஸ், ஜோல்டன் ஆகியோர் 1993இல் 56 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். அதைக் கையாண்ட ஆய்வுகள் பலவற்றில் ஏறத்தாழ ஒரே சித்திரம் தென்படுகிறது: ஆண்கள் போட்டியைக் கூடுதலாக முன்னிறுத்துகின்றனர், பெண்கள் உடல் எடை, தோழமை, மனச்சுமையைத் தணித்தல் ஆகியவற்றை. இதனை 'இயல்பு' என்று சொல்லிக் கடந்துவிடுவோர், பெண்கள் போட்டியிட எப்போது அனுமதிக்கப்பட்டனர் என்று கேட்பதில்லை.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மராத்தானில் ஓடிய போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ சரிந்து விழுந்து உயிரிழந்தார். மராத்தான் தொடர்ந்து நடந்தது. 1928 ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தை லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடிகளில் வென்றார்; களைத்துப்போன சிலரை நாளிதழ்கள் பேரழிவாகவே வருணித்தன. அந்த ஓட்டம் நீக்கப்பட்டு 1960இல்தான் திரும்பியது.

பாபி கிப்பின் கதை இங்கே முக்கியமானது. காட்டுப்பாதைகளில் நாய்களுடன் ஓடி மகிழ்ந்தவர் அவர். வெல்லவேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கியவர் அல்லர். பெண்ணுடல் அவ்வளவு தொலைவைத் தாங்காது என்று பாஸ்டன் மராத்தான் அவரது விண்ணப்பத்தை மறுத்தது. 1966இல் சகோதரரின் கால்சட்டையை அணிந்து, புதரில் மறைந்திருந்து கூட்டத்தில் கலந்து, 3 மணி 21 நிமிடங்களில் ஓடி முடித்தார். மகிழ்ச்சிக்காகத் தொடங்கிய ஓட்டம் நிறுவுதலுக்கான ஓட்டமாக மாறியது. மாற்றியது அந்த மறுப்பு. அவரது உந்துதலை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

பாஸ்டன் 1972இல் பெண்களை ஏற்றது. அவ்வாண்டே நியூயார்க்கில் பெண்களுக்கெனத் தனியாக 6 மைல் ஓட்டம் நடந்தது. 72 பேர் முடித்தனர். புரவலர், பெண்களின் கால்மயிர் மழிக்கும் பசை விற்ற நிறுவனம்; 'மினி' என்ற பெயரோ குட்டைப்பாவாடையிலிருந்து வந்தது. உடலின் தோற்றமும் தோழமையுமே திறந்துவிடப்பட்ட வாயில்கள். பின்னாளில் வினாநிரல்களில் அவையே தலைதூக்குவதில் எனக்கு வியப்பில்லை. (மொழியியல் படித்தவளாக ஒன்று: தமிழில் 'ஓடுகாலி' என்ற வசை இன்று பெரும்பாலும் பெண்ணையே சுட்டுகிறது. ஓடும் ஆணுக்கு அப்படியொரு சொல் எளிதில் நினைவுக்கு வருவதில்லை.)

அந்த அளவுகோலின் ஒன்பது பிரிவுகளில் பாதுகாப்புக்கு இடமில்லை. இருள் பிரியாத நேரத்தில் தனியே ஓட அஞ்சிக் குழுவில் சேரும் பெண்ணின் விடையும் 'தோழமை'யின் கணக்கிலேயே சேர்ந்துவிடக்கூடும்.