நீலமலையும் விரதநாட்களும்

வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்துறுப்புக்களால் காலத்தை வகுத்துரைப்பது பஞ்சாங்கம். இவற்றுள் முதல் மூன்றுமே விரதநாட்களை வரையறுத்தற்குப் பெரிதும் பயன்படுவன. சைவநூல்கள் கூறும் சிவவிரதங்கள் எட்டினையும் இம்மூன்றன்கண் வைத்து நோக்கின் இவ்வுண்மை இனிது புலனாம். கார்த்திகைத் திங்களில் நோற்கும் சோமவார விரதம் வாரம் பற்றியது. மார்கழித் திருவாதிரையும், பங்குனி உத்தரத்து நோற்கும் கலியாணசுந்தர விரதமும் நட்சத்திரம் பற்றியன. கார்த்திகைப் பூரணையில் வரும் உமாமகேசுவர விரதம், மாசித் தேய்பிறைச் சதுர்த்தசியில் வரும் சிவராத்திரி, கேதார விரதம், தை அமாவாசையில் வரும் சூலவிரதம், வைகாசி வளர்பிறை அட்டமியில் வரும் இடபவிரதம் ஆகிய ஐந்தும் திதி பற்றியன. கந்தபுராணத்துக் கந்தவிரதப் படலம் கூறும் முருகவிரதங்கள் மூன்றும் இவ்வாறே அமைந்தன. வெள்ளி வாரம் பற்றியது. கார்த்திகை நட்சத்திரம் பற்றியது. சட்டி திதி பற்றியது.

இம்மூன்றனுள் திதியும் நட்சத்திரமும் கணிதநூல் வல்லாரை வேண்டிநிற்பன. வாரமோ, ஏழுவரை எண்ண அறிந்தார் எவர்க்கும் எளிதிற் கைவருவது. பிறவிடத்தினின்றும் பெயர்ந்து மலையேறிக் குடிபுகுந்த மக்கள் தம் வழிபாட்டு நாட்களை எங்ஙனம் வரையறுத்துக் கொண்டனர் என்பதற்கு நீலமலை நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

அம்மலையிற் பல நூற்றாண்டுகளாக உழுதொழில் செய்து வாழும் படகர், வடக்கே மைசூர் நாட்டினின்றும் போந்தவர் என்ப. அவருள் இலிங்கதாரணம் உடைய சைவப் பிரிவினரும் உளர். மேலூரில் நிகழும் தீமிதி விழாவைப் பற்றி, 1908ஆம் ஆண்டில் பிரான்சிஸ் என்பார் தொகுத்து வெளிவந்த நீலகிரி மாவட்ட விவரநூல் ஒரு செய்தி கூறுகின்றது. மார்ச்சு மாதத்து அமாவாசைக்குப் பின்வரும் திங்கட்கிழமையில், பயிர்த்தொழில் தொடங்குமுன் அவ்விழா நிகழ்வது வழக்கம் என்பதே அது. ஈண்டு இரண்டு அளவைகள் ஒருங்கு கூடுதல் காண்க. அமாவாசை கண்ணாற் கண்டறியத்தக்க திதி. திங்கட்கிழமை விரலால் எண்ணியறியத்தக்க வாரம். பஞ்சாங்க ஏடு கைக்கொள்ளாத உழவனும் பிழையின்றி அறிதற்கு இதனினும் சிறந்த வரையறை இல்லை. அந்நாளும் சிவபிரானுக்கு உகந்த சோமவாரமாகவே அமைந்தமை கருதத்தக்கது.

1819ஆம் ஆண்டிற் கோயம்புத்தூர்க் கலெக்டராகிய ஜான் சல்லிவன் மலையேறிய பின்னர், உதகையில் நகரம் ஒன்று தோன்றலாயிற்று. கல்தச்சரும், சுமைகாரரும், வணிகரும் சமவெளியினின்றும் வந்து தங்கினர். செவ்வாய்க்கிழமைதோறும் கூடிய சந்தைக்கு இரு பெண்கள் வந்து தங்குமிடம் வேண்டினர் என்றும், வணிகர் ஒரு மரத்தடியைச் சுட்ட, அவர் ஆண்டு ஒளியுருவாய் மறைந்தனர் என்றும் உதகை மாரியம்மன் கோயில் தலவழக்குக் கூறும். மாரியம்மையும் காளியம்மையும் அங்கு ஒரே பீடத்தில் எழுந்தருளியிருத்தற்குக் காரணமும் இதுவே என்பர். அத்திருக்கோயிற் பெருவிழா பங்குனி சித்திரைகளில் ஒரு திங்களுக்கு மேலாக நடைபெறுவது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சமூகத்தார் உபயமாக அமைய, மலைமேற் குடியேறிய பல மொழியினரும் பல தொழிலினரும் அம்மையின் திருமுன் ஒன்றுபடுகின்றனர். தேரோட்டம் சித்திரைத் தொடக்கத்துச் செவ்வாய்க்கிழமையில் நிகழ்கின்றது. 2022ஆம் ஆண்டில் ஏப்ரல் 19ஆம் நாளும், 2023ஆம் ஆண்டில் ஏப்ரல் 18ஆம் நாளும் தேர் ஓடிற்று, இரண்டும் செவ்வாய்க்கிழமைகளே. தேரின்மீது உப்பினைத் தூவி வழிபடுதல் அவ்வூர் அன்பர்தம் வழக்கம். சந்தைக்குக் கூடிய கிழமையே அம்மைக்குரிய கிழமையாகவும் நிலைபெற, பிற்காலத்து அரசாட்சியும் அந்நாளை மாவட்டத்திற்கு உள்ளூர் விடுமுறையாக அறிவித்து வருகின்றது.

தேயிலைத் தோட்டங்களில் நிலைமை வேறாயிற்று. 1859ஆம் ஆண்டளவில் தியாஷோலா, டன்சாண்டேல் முதலிய தோட்டங்கள் தோன்றியபின், நாளை வகுக்கும் உரிமை தோட்டத்து மணியின் கைப்பட்டது. விடியலிற் பெரட்டுக்கு நின்று, பகலெல்லாம் கொழுந்து பறித்து, மாலையில் நிறுவைக்குக் கொடுத்து மீளும் தொழிலாளிக்கு, ஒருநாள் நின்றாற் கூலியும் நின்றுபோம். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏழு நாளுக்கு ஒருநாள் ஓய்வளித்தற்கு வழிவகுத்தது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாளிற் செய்யப்பெற்ற சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி, இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அங்ஙனம் மீண்டவருள் ஒருசாராரின் வாழ்வுக்கென 1968ஆம் ஆண்டிற் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி முதலிய பகுதிகளில் அரசினர் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பெற்றன. அவர்கள் தாம் வழிபட்ட மாரியம்மையையும் முருகப்பெருமானையும் உள்ளத்திற் சுமந்துகொண்டு கடல் கடந்தனர். லயன் வீடுகளின் அருகே சிறு கோயில்கள் எழுந்தன.

தோட்டக் கோயில்களின் விழாவை வார ஓய்வுநாளை ஒட்டி அமைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இதுபற்றி ஓர் ஐயம் எழும். சந்தைநாளையும் ஓய்வுநாளையும் சார்ந்து வகுக்கப்படும் வழிபாடு விதியொடு மாறுபடாதோ எனின், விழா வேறு, விரதம் வேறு என்பதனை முதற்கண் உணர்தல் வேண்டும். விழா பலரும் ஒருங்குகூடி இறைவன் எழுந்தருளக் கண்டு மகிழ்தற்பொருட்டு ஏற்பட்டது. அடியார் கூட்டம் இன்றி அது சிறவாது. ஆதலின், ஊரவர் கூடுதற்கு இயன்ற நாளை நோக்கித் தோட்டத்துச் சிறுகோயில் விழாவை அமைத்தலிற் குற்றமில்லை. விரதமோ ஒவ்வோருயிரும் தன் மனத்தைப் பொறிவழிச் செல்லவிடாது தடுத்து, உணவை விடுத்தேனும் சுருக்கியேனும் இறைவனை வழிபடற்கு ஏற்பட்டது. அது பிறர் வரவை நோக்குவதன்று. ஆதலின் அதன் திதியும் நட்சத்திரமும் பெயர்த்து வைக்கத்தக்கன அல்ல. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்ட சிவராத்திரி சிவராத்திரி ஆகாது.

அற்றேல், கூலிக்குக் கட்டுண்டார் விரதத்தை இழத்தலே முறையோ எனின், அன்று. இறைவனது அருளிப்பாடு அவர்பொருட்டும் வழி வைத்துள்ளது. பிரதோஷ காலம் ஞாயிறு மறைதற்கு முன் 3¾ நாழிகையும் பின் 3¾ நாழிகையும் ஆகும். கொழுந்து நிறுத்துக் கொடுத்து மீண்டவர்க்கும் பிற்பாதி எஞ்சியிருக்கின்றது. சிவராத்திரி விரதம் இரவின்கண் நான்கு யாமத்தும் நிகழ்வது. தோட்டத்து மணி பகலை ஆளுமன்றி அவ்விரவை ஆளமாட்டாது. நான்கு யாமமும் துயில் நீத்தற்கு இயலாதார் இலிங்கோற்பவ காலம் கழியுமளவேனும் விழித்திருக்க என்று ஆறுமுக நாவலர் தம் சைவ வினாவிடையுள் விதித்தமையும், உபவாசத்தை முதலாக வைத்து நீர், பால், பழம் எனப் படிப்படியாக இடந்தந்தமையும், வலியில்லாரையும் வழிப்படுத்தும் கருணையன்றோ? விடியலிற் பெரட்டுக்கு நிற்கவேண்டிய ஒருவர், மலைக்குளிரில் நள்ளிரவுவரை விழித்திருந்து ஐந்தெழுத்தோதி, பின் சிறிது துயின்றெழுவாராயின், அவர் நோன்பு சுருங்கியதாகாது. திதி அறியாது வில்வமரத்தின்மீது இராமுழுதும் விழித்திருந்த வேடனுக்கும் பயன் அருளியவன் சிவபெருமான். ஆயினும் அறியாதான் பெற்ற அருளைக் காட்டி, அறிந்தார் தம் சோம்பலுக்குச் சான்றாக்கிக் கோடல் பிழையாம்.

ஈண்டுச் சித்தாந்த உண்மை ஒன்று சிந்திக்கத்தக்கது. காலம் என்பது வித்தியா தத்துவம் ஏழனுள் ஒன்று, மாயையின் காரியம், ஆகலின் சடமேயாம். சடமாகிய வினை தானே சென்று பயனூட்டமாட்டாதவாறு போல, சடமாகிய நாளும் தானே அருள் வழங்கமாட்டாது. அந்நாளினை வாயிலாகக் கொண்டு அருள்பவன் காலங்கடந்த முதல்வனேயாவன். செவ்வாய்க்கிழமை அவனது சத்தியாகிய அம்மைக்குத் தேர் ஓடுதற்கு வாயிலாயிற்று. அமாவாசையை அடுத்த சோமவாரம் உழவர் தீமிதித்தற்கு வாயிலாயிற்று. மாசிச் சதுர்த்தசியின் இரவு ஓய்வில்லார்க்கும் வாயிலாகத் திறந்திருக்கின்றது.

மலையிலும் சமவெளியிலும் கோயிற் பணி பூண்ட அன்பர்கள் இவ்விரண்டனையும் மயங்காது போற்றுதல் கடனாம். விழாவின்கண் ஊரவர் வசதியை நோக்குக. விரதத்தின்கண் விதித்த நாளையே நோக்குக. தொழிலாளர் வாழும் இடங்களிற் பிரதோஷத்தன்று கதவினை முன்னதாக அடைத்துவிடாது, வேலை முடித்து வருவாரும் கண்டு வணங்கும்வரை திறந்து வைத்தலும், சிவராத்திரியன்று இலிங்கோற்பவ கால வழிபாட்டில் அவரையும் கூட்டிக்கொள்ளுதலும் சிறந்த சிவபுண்ணியங்களாம் என்க.