அரையணா முடங்கல்

எமது இல்லத்துப் பரண்மேற் கிடந்த மரப்பெட்டியொன்றை அண்மையில் இறக்கினோம். நெற்கணக்கும் குத்தகைச் சீட்டுமே அதனுள் மிக்கிருந்தன. அவற்றைப் பழங்காகிதம் வாங்குவோர்க்குக் கொடுத்துவிடலாமென்று கட்டித் தராசில் ஏற்றியபோது, கட்டினின்றும் மடித்த தாளொன்று நழுவி வீழ்ந்தது. எடுத்து நோக்கினோம். தலைப்பில் பிள்ளையார் சுழியும் 'சிவமய'மும். அடியில் துந்துபி வருடம் மாசி மாதம், அஃதாவது 1863ஆம் ஆண்டு. உறையில்லை. தாளையே மடித்து, அரக்கிட்டு, புறத்தே பெயரும் ஊரும் வீதியும் எழுதி, நீலநிறத் தபால்தலையொன்று ஒட்டியிருந்தனர். அத்தலையிற் பொறித்த பெயர் 'ஈஸ்ட் இந்தியா' என்பது. கும்பினியாட்சி 1858இல் ஒழிந்தும் அப்பெயர் 1882 வரையில் தபால்தலைகளினின்று நீங்கவில்லை.

எழுதினவர் ஒரு சைவப் புலவர். பெற்றவர் எம் முன்னோருள் ஒருவர். சிவஞானசித்தியார் உரையேடு அவரிடத்துண்டெனக் கேள்வியுற்று, தம்மேட்டிற் சிதைந்துபோன ஓரிடத்தை மட்டும் பார்த்தெழுதி விடுக்குமாறு வேண்டுகின்றார். இவ்வளவே செய்தி. ஆயினும் முன்பின் அறியாத இருவர் இவ்வாறு அளவளாவுதல் அக்காலத்துக்குப் புதியதொரு செயலாம். அப்புதுமையைக் காட்டவே இதனை எழுதத் துணிந்தோம்.

முற்காலத்தே முடங்கல் விடுப்பார்க்கு முதற்கண் வேண்டுவது ஏடன்று, எடுத்துச் செல்லும் ஆளே. ஆலவாய் அண்ணல் சேரமான் பெருமாளுக்கு விடுத்தருளிய திருமுகப் பாசுரம், பதினொராந் திருமுறையின் முதற்கண் வைக்கப்பெற்றிருத்தலை அன்பர்கள் அறிவர். முடங்கலின் உறுப்புக்கள் அதன்கண் நிரம்பியுள்ளன: விடுப்போர் இருக்கும் ஊர், பெறுவோரது பெருமை, கொணர்வோர் இன்னாரென்பது, செய்யவேண்டுவது. அதனைக் கொண்டு சென்றவரும் பாணபத்திரர். அதனாற் பொருள் பெற்றவரும் அவரே. உலகனைத்தும் உடையானும் ஓராள் வழியே ஓலை விடுத்தான் என்னும்பொழுது, அக்கால வழக்கு அதுவேயென்பது போதரும். சோழமன்னர்க்கோ திருமந்திர ஓலை எழுதும் அலுவலாளர் இருந்தனர். அரசனது திருமுகம் வரக்கண்ட நாட்டார் எதிர்சென்று தொழுது தலைமேற்கொண்ட செய்தியைச் செப்பேடுகள் கூறும். குடிமகனொருவன் மற்றொருவனுக்கு எழுதக் கருதினால், அவ்வழியே செல்லும் வணிகனையோ யாத்திரிகனையோ அவன் எதிர்நோக்க வேண்டியதுதான்.

பதினான்காம் நூற்றாண்டில் தில்லிக்கு வந்த இபன் பதூதா, சுல்தானுடைய ஓட்டக்காரரை வியந்து எழுதியுள்ளார். ஒரு கையில் ஓலையும், மற்றொரு கையில் நுனியிற் செப்புமணி கட்டிய கோலுமாக ஒருவன் ஓடிவருவான். மணியோசை கேட்ட மாத்திரத்தே அடுத்த நிலையத்தான் ஆயத்தமாவான். குதிரைத் தபாலினும் இது விரைவுடைத்தாம். குராசான் நாட்டுக் கனிகளும், சுல்தான் தௌலதாபாதில் இருக்குங்காலத்து அவன் பருகுதற்குக் கங்கைநீரும் இவ்வாறே சுமந்து செல்லப்பட்டன. கனிக்கும் நீருக்கும் கிடைத்த அஞ்சல் ஏழையின் ஓலைக்குக் கிடைத்ததில்லை. மணிகட்டிய கோல் மட்டும் பன்னூறாண்டு நிலைத்தது. திருவிதாங்கூர் அரசின் அஞ்சற்காரர் அதனையேந்தி ஓடினர். அவ்வஞ்சல் 1951இல் இந்தியத் தபாலோடு இணைந்தது.

கும்பினியார் வங்காளத்தில் 1774இலும் சென்னையில் 1786இலும் பொதுமக்கள் கடிதங்களைக் கூலிபெற்று ஏற்கலாயினர். கூலியோ தொலைவுக்கேற்ப ஏறும். 1837ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் கல்கத்தாவினின்று பம்பாய்க்கு ஒரு தோலா எடைக்கு ஒரு ரூபாய். எளியோர்க்கு அது பெரும்பொருள்.

அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் ரோலண்டு ஹில் என்பார் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமக்க உண்மையில் ஆகுஞ் செலவு ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்கேயென்று அவர் கணக்கிட்டார். செலவு தொலைவினால் வருவதன்று. கடிதந்தோறும் கூலியைக் கணித்தலினாலும், வீடுதோறும் நின்று அதனைத் தண்டுதலினாலும் வருவதே பெரிதென்பது அவர் துணிபு. ஆதலின் தொலைவை நோக்காது ஒரே கூலி வாங்குக, அதனையும் விடுப்போனே முன்னர்ச் செலுத்துக என்றார். 1840இல் அங்கே அது நடைமுறைக்கு வந்தது. எளிய கணக்கு, அதுவரை ஒருவர்க்குந் தோன்றாதிருந்ததே வியப்பு!

இந்நாட்டில் 1850இல் ஆராய்ச்சிக் குழுவொன்று அமைந்தது. 1854 அக்டோபர் முதல் நாள் புதிய ஏற்பாடு நாடெங்கும் தொடங்கிற்று. கால் தோலாவுக்கு அரையணா, அரைத் தோலாவுக்கு ஓரணா, ஒரு தோலாவுக்கு இரண்டணா. பதினாறணா கேட்ட கல்கத்தா–பம்பாய் வழிக்கு இனி இரண்டணாவே. தலை ஒட்டாது விடுத்தால் பெறுவோன் இருமடங்கு கொடுத்தல் வேண்டும். கால் தோலாவாவது வெள்ளி நாலணாக் காசொன்றின் எடை. எமது முடங்கலை மீண்டும் நோக்கும்போது அவ்வெடை எழுத்தில் தெரிகின்றது. மெல்லிய தாள், ஓரம் விடாது நெருக்கிய வரி, நலம் வினவுதல் ஒரே தொடரில் முடிகின்றது. புள்ளியில்லை, எகர ஏகார வேறுபாடில்லை, காலும் ரகரமும் ஒன்றே போலும். படித்து முடிக்க எமக்கு இரண்டு நாட் சென்றன. ஏட்டையே அனுப்புமாறு அவர் கேளாமைக்குங் காரணம் அதன் சுமையேயென்று கருதுகின்றோம்.

அச்சுக்கூடம் வைக்கும் உரிமை 1835இல் இந்நாட்டார்க்குக் கிடைத்தது. அதனாலேயே பழந்தமிழ் நூல்கள் வெளிவந்தன என்று பலர் எழுதுவர். அது பாதியுண்மை. ஒருவரிடம் முதலில்லாத ஏடும் மற்றொருவரிடம் கடையில்லாத ஏடுமாக ஊர்தோறுஞ் சிதறிக்கிடந்தவற்றை ஒன்றோடொன்று பேசுவித்தது அரையணாவும், 1879இல் வந்த காலணாக் கார்டுமன்றோ? டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் தமக்கு வந்த கடிதங்களைக் கழியவிடாது காத்தார்கள். அவை சென்னையில் அவர்கள் பெயரால் விளங்கும் நூல்நிலையத்தில் உள்ளன. சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களும் ஜி. யு. போப்பையரும் எழுதியன அவற்றுட் சில. மற்றைப் புலவர் பலருக்கு வந்தவை எங்கே? திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் ஆளோலையின் கையெழுத்தைச் சுந்தரர் பாட்டனாரது பிறிதோர் ஓலையோடு ஒப்பிட்டல்லவோ வழக்கைத் தீர்த்தனர். ஒப்பிடற்கு அவ்வோலை காவலில் இருந்தது. நாமோ அவற்றைத் தராசில் வைக்கின்றோம், யாமும் வைத்தோம்.

தாளின் பின்புறத்தே வேறு கையெழுத்து உள்ளது. சித்தியாருரையின் ஒன்பது வரி அதில் வரையப்பெற்றுள்ளது. இரண்டிடத்தில் அடித்துத் திருத்தியிருத்தலின், அது விடையின் முன்வரைவு என்பது தெளிவு. அதன்கீழ், 'பங்குனி 3௳ பதில் போட்டாச்சு, அரையணா' என்றொரு கணக்குக் குறிப்பு.