மிருகங்க எங்கேருந்து வந்துச்சு?

2020 மார்ச் 25-ல ஊரடங்கு ஆரம்பிச்சதும் எங்க திருவண்ணாமலையே அமுங்கிப் போச்சு. பவுர்ணமின்னா லட்சக்கணக்குல ஜனம் சுத்துற 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, மே 7 சித்ரா பவுர்ணமிக்குக்கூட வெறிச்சோடிக் கிடந்தது. நவம்பர் 29 கார்த்திகை தீபத்தை மொட்டை மாடியிலேருந்துதான் கும்பிட்டோம்.

எனக்குப் பொழுதுபோக்கு வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற வேப்பமரமும் முருங்கையும்தான். முருங்கைப் பூவுல தேன்சிட்டு, மதில் மேல மயில், குப்பையைக் கிளறுற தவிட்டுக்குருவிக் கூட்டம். காலையில பால் வாங்கப் போனா செம்போத்து கூப்பிடுறது தெருமுனை வரைக்கும் கேட்கும். "மிருகமெல்லாம் திரும்பி வந்துடுச்சு"ன்னு வாட்ஸ்அப்புல ஒரே பரவசம். சரி, எங்கேருந்து திரும்பி வந்துச்சு? இங்கேதாங்க நம்ம மலையோட கதையைக் கொஞ்சம் பார்க்கணும்.

ரமணர் இந்த ஊருக்கு வந்தது 1896-ல. 1916 வரைக்கும் விரூபாட்ச குகை, அப்புறம் 1922 வரைக்கும் ஸ்கந்தாசிரமம்னு மலை மேலேயே இருந்தார். அப்போ அங்கே சிறுத்தை தண்ணி குடிக்க வரும்னு ஆசிரமப் புத்தகங்கள்ல பதிவு இருக்கு. குரங்குக் கூட்டங்களோட சண்டை சச்சரவெல்லாம்கூட அவருக்கு அத்துப்படி. பின்னாடி அடிவாரத்துல ஆசிரமம் வந்த பிறகும் அணில், மயில்னு ஒரே கூட்டம்தான். 1948 ஜூன் 18-ல இறந்த பசு லட்சுமியோட சமாதியை இன்னைக்கும் பார்க்கலாம். பக்கத்துலேயே மான், காகம், நாய்க்கும் சமாதி உண்டு.

ஆனா மலை அப்படியே இருந்துடலை. விறகுக்கு வெட்டி, ஆடுமாடு மேய்ச்சு, வருஷா வருஷம் கோடையில தீ பிடிச்சு, பல இடத்துல வெறும் பாறையும் புல்லும்தான் மிச்சம். 1980-கள்ல இங்கே இருந்தவங்களைக் கேட்டா 'மொட்டை மலை'ம்பாங்க. அந்தப் பத்தாண்டோட கடைசியிலதான் மரம் நடுற வேலை தொடங்குச்சு. அப்புறம் 'தி ஃபாரஸ்ட் வே' மாதிரி அமைப்புகளும் வந்தாங்க. நாற்றங்கால்ல நாட்டு மரக்கன்னு வளர்க்கணும். மழைக்காலத்துல அதைத் தலையில சுமந்து மலையேத்தி நடணும். கோடைக்கு முன்னாடி புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போடணும். தீ பிடிச்சா பச்சைக் கிளையால அடிச்சு அணைக்கணும். இதுல கூலிக்கு உழைச்சவங்க நிறைய பேர் சுத்துவட்டாரத்துக்காரங்கதான்.

அதனால ஊரடங்குல நான் பார்த்த மயிலும் புள்ளிமானும் மனுஷன் உள்ளே போனதால மட்டும் முளைச்சதில்லீங்க. முப்பது வருஷமா மனுஷன் வெளியே வந்து உழைச்சதால, ஒதுங்க அதுங்களுக்கு ஒரு காடு இருந்தது. வண்டிச் சத்தம் நின்னதும் நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சுது. அவ்ளோதான்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். பக்தர்கள் போடுற வாழைப்பழத்தையும் பொரியையும் நம்பியிருந்த குரங்குகளுக்கு அது பஞ்ச காலம். பாதையில ஒண்ணும் கிடைக்காம எங்க தெரு ஓட்டு மேல வந்து உட்கார்ந்திருக்கும். குட்டியை வயித்துல கட்டிக்கிட்டுச் சமையலறை ஜன்னலையே பார்க்கும். காட்டுல தேடித் தின்னுற பழக்கத்தை மறக்கடிச்சதும் நாமதானே?

இப்போ கிரிவலம் பழையபடி நடக்குது. வேகமா வர்ற வண்டியும் தெருநாயும் மானுக்கு எமன். கிரிவலம் வர்றவங்க ஒரு உபகாரம் பண்ணுங்க: காடு ஓரத்துல வண்டியை மெதுவா ஓட்டுங்க, காஞ்ச புல்லுல கற்பூரமோ பீடியோ போடாதீங்க. ஒரு தீக்குச்சி போதும், முப்பது வருஷ உழைப்பு ஒரு மத்தியானத்துல கரிஞ்சுடும்.