தொழிலுறவியல் (பேராக்)

முதலாளி, தொழிலாளி, அரசாங்கம் என்னும் முத்திறத்தாரிடையே கூலி, வேலைநேரம், சங்க உரிமை, வழக்குத் தீர்வு முதலிய விஷயங்களில் எழும் உறவுகளை ஆராயும் சாஸ்திரம் தொழிலுறவியல் எனப்படும். மலேசியாவில் இன்று இது பல்கலைக்கழகப் பாடமாயினும், இதன் மூலாதாரங்களிற் பெரும்பகுதி வகுப்பறையில் தோன்றியதன்று. பேராக் முதலிய மாநிலங்களின் ரப்பர்த் தோட்டங்களிலும், அவற்றைப் பரிசீலிக்க வந்தோரின் அறிக்கைகளிலும் தோன்றியதாகும்.

ஆள்சேர்ப்பு முறைகள்

பேராக்கில் தமிழ்த் தொழிலாளர் சேர்க்கப்பட்ட முறைகளை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, ஒப்பந்த முறை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் மாவட்டத்துக் கரும்புத் தோட்டங்களில் வழங்கிய இம்முறையில், கப்பற்கூலிக் கடனுக்கு ஈடாக, தொழிலாளி குறித்த காலம்வரை ஒரே முதலாளியிடம் உழைக்கக் கட்டுப்பட்டிருந்தான். 1910இல் இந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது.

இரண்டாவது, கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்து தோட்ட மேலாளராகிய துரையின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவன், அனுமதிச் சீட்டுடன் தன் ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்துவருவதே இதன் இயல்பு. 1877இல் பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்டாகிய ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட சில ரப்பர் நாற்றுக்களின் வழியில், பின்னாளில் பெருந்தோட்டங்கள் பல்கியபோது, ஆள் தேவையைப் பெரிதும் நிறைவேற்றியது இதுவே. 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, ஆள் எண்ணிக்கைக்கேற்ப முதலாளிமாரிடம் வரி வசூலித்துப் பயணச் செலவை ஏற்றமையால், கப்பற்கூலிக் கடன் தொழிலாளியின் தலைமேல் விழாதொழிந்தது. எனினும், பெரட்டுக்கு (காலை ஆட்கணக்கெடுப்புக்கு) வரும் ஆட்களைக் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்ட தலைக்காசு, கங்காணியை லயத்தாரின் (தோட்டக் குடியிருப்பு வரிசையில் வாழ்ந்தோரின்) உறவினனாகவும் நிர்வாகத்தின் ஏவலாளனாகவும் ஒருங்கே ஆக்கிற்று.

மூன்றாவது, ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தாமாகவே வந்து பதிந்துகொண்டு நிதியுதவியுடன் கப்பலேறும் முறை. 1936–37இல் இந்திய அரசாங்கத்தின் சார்பில் மலாயாத் தொழிலாளர் நிலையைப் பார்வையிட்ட வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார், கங்காணி முறையை ஒழிக்குமாறும், ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் ஆகிய முந்தைய நாட்கூலியை மீட்டளிக்குமாறும் தமது நிதானமான அறிக்கையில் பரிந்துரைத்தார். 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற குடியேற்றத்தையே தடைசெய்தமையால் எஞ்சிய இருவகையும் முடிவுற்றன.

சங்கங்களும் ஆராய்ச்சியும்

1948 ஜூன் 16இல் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்துரைமார் மூவர் கம்யூனிஸ்டுகளால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனமாயிற்று. அவர்களைச் சார்ந்த தீவிரச் சங்கங்கள் ஒடுக்கப்பட்டு மறைந்த இடத்தில் மிதவாதச் சங்கங்கள் வேரூன்றின. பேராக் உள்ளிட்ட மாநிலங்களின் தனிச் சங்கங்கள் 1954இல் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின; பி.பி. நாராயணன் அதன் தலைவர்களுள் முதன்மையானவர். சுங்கை சிப்புட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற வீ.தி. சம்பந்தன், 1955இல் தொழிலமைச்சர் பதவியேற்றார். பெருந்தோட்டங்கள் சிறு கூறுகளாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தபோது, அவர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கும் நோக்குடன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

பல்கலைக்கழகம் இத்துறையிற் புகுந்தது சற்றுப் பின்னரே. 1949இல் நிறுவப்பட்ட மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து, பொருளியலறிஞர் உங்கு அஜீஸ் தோட்டத் துண்டாடலை ஆராய்ந்தார். சார்ல்ஸ் காம்பா மலாயாத் தொழிற்சங்கத்தின் தோற்றத்தையும் தோட்டத் தொழிலாளர் சங்கத்தையும் பற்றி 1962இல் நூல்கள் வெளியிட்டார். ஜே. நார்மன் பார்மர் (1960), மைக்கேல் ஸ்டென்சன் (1970) ஆகியோர் முறையே குடியேற்றநாட்டுத் தொழிற்கொள்கையையும் தொழிற்பிணக்குகளையும் விவரித்தனர். பேராக்கின் சித்தியவானில் பிறந்த பி. இராமசாமி, மூலதனம், அரசு, சங்கம் ஆகிய மூன்றையும் பிணைத்து, தோட்டத் தொழிலாளர் நிலையை 1994இல் நூலாக்கினார்.

தற்கால நிலை

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும் 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டமும் இன்றைய பாடத்திட்டத்தின் அடிப்படை. பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நீதிமன்றத்திற்கு ஈப்போவில் கிளையுண்டு. இதற்கிடையே ரப்பர் நிலங்கள் பல செம்பனைக்கு மாறின. அந்நியத் தொழிலாளர் பெருகினர். 2013 முதல் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறையில் உள்ளது.