விடுதி, ஹாஸ்டல், பி.ஜி.

பெங்களூரில் கல்லூரி சேரும் முதலாண்டுப் பிள்ளையிடம் எல்லோரும் கேட்பது: ஹாஸ்டலா, பி.ஜி.யா?

தமிழில் இரண்டும் விடுதிதான். 'விடு' என்னும் வினையடியில் பிறந்த சொல். தற்காலிகமாகத் தங்கும் இடம் என்று பொருள். விடுதலை, விடுமுறை மட்டுமல்ல, முதலெழுத்து நீண்டு உருவான 'வீடு'கூட அந்த அடிதான்.

ஹாஸ்டலின் மூலம் 'ஹாஸ்பெஸ்' என்ற லத்தீன் சொல். விருந்தினர், விருந்தளிப்பவர் இருவரையும் அது குறித்தது. ஹோட்டலும் ஹாஸ்பிட்டலும் அதே குடும்பம். மெஸ் சாப்பாட்டைத் திட்டுகிறவர்கள் இந்த உறவைக் குறித்துக்கொள்ளலாம். கன்னடத்திலோ, கர்நாடக அரசு விடுதிகளின் பெயர்ப்பலகையில் 'வித்யார்த்தி நிலய', அதாவது மாணவர் இல்லம் என்றிருக்கும்.

பி.ஜி. என்பது 'பேயிங் கெஸ்ட்'. காசு கொடுக்கும் விருந்தாளி! ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே அறையும் சோறும் தந்த ஏற்பாட்டுக்கு அது பொருந்தியது. இன்று மடிவாளா, கோரமங்களா, பி.டி.எம். லேஅவுட் பகுதிகளில் கட்டடம் முழுக்க பி.ஜி.; 'டபுள் ஷேரிங்', 'ட்ரிபிள் ஷேரிங்' என்று வாடகை சொல்வார்கள். குடும்பம் போய்விட்டது, விருந்தாளி மட்டும் பெயரில் மிச்சம்.

கல்லூரியிலோ பி.ஜி. என்றால் முதுநிலைப் படிப்பு. ஆகவே இந்த ஊரில் யு.ஜி., அதாவது இளநிலை படிக்கிறவரும் பி.ஜி.யில் இருக்கலாம்.